சுற்றொலி சொதப்பினால் எங்கே தேடுவது? கண்காட்சி அறைக்கான பழுது பார்க்கும் குறிப்பு

சென்னையில் கலைக் கண்காட்சிகளுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பது என் வேலை. நான்கு ஸ்பீக்கரோ எட்டு ஸ்பீக்கரோ வைத்து, உள்ளே வருபவரைச் சுற்றி மழையோ கடலோ சந்தையோ கேட்கும்படி செய்ய வேண்டும். அமைக்க ஒரு நாள் ஆகும். அப்புறம் கண்காட்சி முடியும்வரை போன் வந்துகொண்டே இருக்கும். "அண்ணே, பின்னாடி ரெண்டும் பேச மாட்டேங்குது." "சார், உம்முனு ஒரு சத்தம்." புகார்கள் மொத்தமே பத்துக்குள்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். அவற்றை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில். வரிசையைத் தாண்டாதீர்கள். நேராக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஓடிப் புது ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய ஆம்பில் ஒரு குறையும் இருக்காது.

தொடங்கும் முன்

மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, டார்ச், மாஸ்கிங் டேப், மார்க்கர், சரியாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேபிள். இவ்வளவும் பையில் இருக்கட்டும்.

இவற்றைவிட முக்கியம் ஒரு சோதனைக் கோப்பு. "ஒன்று, வாசல் இடது", "இரண்டு, வாசல் வலது" என்று உங்கள் குரலிலேயே பதிவு செய்து, அந்தந்தக் குரலை அந்தந்தச் சேனலில் (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் தனி ஒலித்தடம்) மட்டும் போட்டு வையுங்கள். ஸ்பீக்கர் முதுகில் அதே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். மழைச் சத்தத்தை வைத்துக்கொண்டு எந்த ஸ்பீக்கர் தப்பு என்று கண்டுபிடிக்கப் பார்த்தால் விடிந்துவிடும். தன் எண்ணைத் தானே சொல்லும் ஸ்பீக்கரிடம் ஒரு நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

ஒரே ஒரு ஸ்பீக்கர் ஊமை

முதலில் பிளக். சிரிக்காதீர்கள். மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டில் நடந்த கண்காட்சியில் நான்காம் எண் தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊமையாகிவிடும். மூன்று நாள் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நான்காம் நாள் மதியம் அங்கேயே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது: சாப்பிட்டு வந்த வாட்ச்மேன் தாத்தா ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் போனைச் சார்ஜில் போட்டார். "மழை சத்தம்தானே தம்பி, ஒரு பக்கம் பெய்யலேன்னா என்ன?" என்றார். அவருக்குத் தனியாக ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். கோளாறு தீர்ந்தது.

பிளக், சுவிட்ச், ஸ்பீக்கர் முதுகில் இருக்கும் வால்யூம் குமிழ் எல்லாம் சரி, பவர் விளக்கும் எரிகிறது என்றால் அடுத்தது இடமாற்றிப் பார்ப்பது. ஊமையாக இருப்பது நான்கு என்று வைத்துக்கொள்வோம். இன்டர்ஃபேஸில் (கணினியின் ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) மூன்றாம், நான்காம் அவுட்புட் கேபிள்களை மாற்றிச் சொருகுங்கள். சொருகும் முன் வால்யூமை இறக்குங்கள்.

இப்போது மூன்று ஊமையாகி நான்கு பேசினால்

கேபிளும் ஸ்பீக்கரும் நிரபராதி. நான்காம் அவுட்புட்டிலோ அதற்கு முன்னாலோதான் கோளாறு. மென்பொருளில் அந்தச் சேனல் மியூட் ஆகியிருக்கிறதா, கோப்பில் அந்தச் சேனல் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் அவுட்புட் சாக்கெட் போயிருக்கலாம். வேறு அவுட்புட் காலியாக இருந்தால் அதற்கு மாற்றிவிட்டு, கண்காட்சி முடிந்தபின் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

அப்போதும் நான்கே ஊமை என்றால்

நல்ல கேபிளை நேராக ஸ்பீக்கரில் சொருகுங்கள். பேசிவிட்டால் பழைய கேபிள்தான் குற்றவாளி. பிளைவுட் மேடைக்கு அடியில் நசுங்கியிருக்கும், அல்லது பின்னுக்குள் சாலிடர் விட்டிருக்கும். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கத்துக் கூடங்களில் உப்புக் காற்று பின்னைப் பச்சையாக்கிவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை சொருகி எடுத்தாலே பல நேரம் உயிர் வந்துவிடும்.

நல்ல கேபிளுக்கும் பேசவில்லை, ஆம்ப் தனியாக இருக்கும் சாதாரண ஸ்பீக்கர் என்றால் வயரை முழுக்கக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 பக்கம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே இணைப்பு விட்டிருக்கிறது, அல்லது காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) எரிந்துவிட்டது. காயில் கட்டிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, அங்கே கொடுங்கள். உள்ளேயே ஆம்ப் இருக்கும் பவர்டு ஸ்பீக்கர் என்றால் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

முன்னால் இரண்டு மட்டும் பேசுகின்றன, அல்லது எல்லாவற்றிலும் ஒரே சத்தம்

இது பெரும்பாலும் வயர் கோளாறு இல்லை.

கோப்பைப் பாருங்கள். கலைஞர் எட்டுச் சேனலில் செய்திருப்பார். உதவியாளர் வாட்ஸ்அப்பில் அனுப்ப வசதியாக எம்பி3 ஆக்கியிருப்பார். வழக்கமான எம்பி3 இரண்டு சேனலுக்கு மேல் தாங்காது. மூலக் கோப்பை வேவ் (WAV) வடிவில் பென்டிரைவில் வாங்குங்கள்.

கோப்பு சரி என்றால் கணினி. விண்டோஸில் சவுண்ட் அமைப்புக்குள் போய் ஸ்பீக்கர் எண்ணிக்கையை 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) அல்லது குவாட் (நான்கு ஸ்பீக்கர்) என்று சொல்லாதவரை அது எல்லாவற்றையும் இரண்டாகச் சுருக்கித்தான் அனுப்பும். மேக்கில் இதே வேலையை ஆடியோ மிடி செட்டப்பில் செய்ய வேண்டும். அப்டேட் ஆன மறுநாள் இந்த அமைப்பு பழையபடி ஸ்டீரியோவுக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். கண்காட்சி ஓடும் கணினிக்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள்.

ஹோம் தியேட்டர் ரிசீவர் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு பொறிகள். ஆப்டிகல் வயர் வழியாகச் சுருக்கப்படாத ஒலி இரண்டு சேனல்தான் போகும், ஹெச்டிஎம்ஐ போடுங்கள். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் என்றால் யாரோ ரிமோட்டில் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' அமுக்கியிருப்பார்கள். 'டைரக்ட்' முறைக்கு மாற்றிவிட்டு ரிமோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியின் ஹெட்ஃபோன் துளையும் ஸ்டீரியோதான். யூஎஸ்பி சவுண்ட் கார்டு வேண்டும், இல்லையென்றால் ஹெச்டிஎம்ஐ.

சத்தம் வருகிறது, ஆனால் இடம் மாறி வருகிறது

பின்னால் வரவேண்டிய அலை நடுவில் வரும்; குரல் சப்வூஃபருக்குள் (பாஸுக்கான ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்) போய் உறுமும். சேனல் வரிசைக் குழப்பம். 5.1 வேவ் கோப்பின் வழக்கமான வரிசை இடது, வலது, நடு, சப், பின் இடது, பின் வலது. சினிமா ஸ்டூடியோவிலிருந்து வரும் கோப்பு இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, சப் என்று இருக்கக்கூடும். கோடம்பாக்கம் பக்கம் மிக்ஸ் செய்து வாங்கினால் எந்த வரிசை என்று கேட்டு வாங்குங்கள். சோதனைக் கோப்பை ஓட்டி, மென்பொருளில் வரிசையை மாற்றினால் முடிந்தது. வயரைப் பிடுங்கி மாற்றாதீர்கள். அடுத்த கோப்பு சரியான வரிசையில் வந்தால் மறுபடி குழப்பம்.

கணினியின் மூன்று வண்ணத் துளைகளில் சொருகியிருந்தால்: பச்சை முன், கறுப்பு பின், ஆரஞ்சு நடுவும் சப்பும். இந்த ஆரஞ்சில் மட்டும் சில கார்டுகளில் நடுவும் சப்பும் தலைகீழாக வரும்.

உம்ம்ம் என்று ஓர் இரைச்சல்

பாதிப் போன் இதற்குத்தான் வருகிறது. அமைதியான ஒரு படைப்பில், மூச்சுச் சத்தம்கூடக் கேட்க வேண்டிய இடத்தில், பின்னணியில் டிரான்ஸ்ஃபார்மர் பாடினால் கலைஞர் அழுதுவிடுவார்.

முதலில் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். வழவழப்பான, தாழ்ந்த உம்ம் என்றால் பெரும்பாலும் எர்த் வழி. கரகரவென்று ஜிர்ர் கலந்திருந்தால் பக்கத்தில் ஏதோ ஒரு ரெகுலேட்டரோ டிம்மரோ காரணம்.

ஜிர்ர் என்றால்

சீலிங் ஃபேனை அணையுங்கள். நின்றுவிட்டதா? எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான். முழு வேகத்தில் வைத்தாலும் பெரும்பாலும் சத்தம் போய்விடும். ஃபேன் இல்லையென்றால் ஓவியத்துக்கு மேலே தொங்கும் எல்இடி விளக்குகளின் டிம்மர். விளக்குக்கு ஒரு லைன், ஒலிக்கு ஒரு லைன் என்று பிரித்துவிடுங்கள். பவர் வயரும் சிக்னல் வயரும் ஒரே குழாயில் கட்டிப்போட்ட மாதிரி ஓடினால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தாண்டியே ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி மாதிரி தாண்டட்டும்.

உம்ம் என்றால்

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றால், சார்ஜர் வழியாகவும் ஸ்பீக்கர் வழியாகவும் எர்த் இரண்டு பாதையில் போய் வட்டமடிக்கிறது என்று அர்த்தம். எல்லா உபகரணத்தையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். சின்ன அமைப்பில் பாதிக்கு மேல் இதிலேயே தீரும். தீராவிட்டால் ஹெட்ஃபோன் துளையிலிருந்து இழுக்கும் இரண்டு கம்பி வயரை விட்டுவிட்டு, இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு (வழியில் ஒட்டும் இரைச்சலைக் கழித்துவிடும்) அவுட்புட்டிலிருந்து மூன்று கம்பி எக்ஸ்எல்ஆர் வயர் போடுங்கள். பத்து மீட்டர் தாண்டினால் இதைத் தவிர வேறு வழியே யோசிக்க வேண்டாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஒவ்வொரு லைனிலும் ஒரு ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். செலவுதான், ஆனால் இரைச்சல் அடங்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "எர்த் பின்னை வெட்டிடுங்க, போயிடும்" என்று சொல்ல ஓர் ஆள் எப்போதும் இருப்பார். சத்தம் போகும், உண்மைதான். கூடவே உலோகச் சிற்பத்தைத் தொட்டுப் பார்க்கும் குழந்தைக்கும் ஷாக்குக்கும் நடுவில் இருந்த ஒரே தடுப்பும் போய்விடும்.

எலக்ட்ரீஷியனை எப்போது கூப்பிடுவது? ஆம்பின் உலோகப் பெட்டியில் கை வைத்தால் சுருக்கென்றாலோ, டெஸ்டர் எரிந்தாலோ, அந்த நிமிடமே. நார்த் மெட்ராஸில் ஒரு பழைய கிடங்கில் நாள் முழுக்க டிரான்ஸ்ஃபார்மர், டிஐ பாக்ஸ் (சிக்னலைப் பேலன்ஸ்டாக மாற்றும் பெட்டி) என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். ஸ்குரூ டிரைவரால் சாக்கெட்டைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். "தம்பி, பிளக்ல மூணாவது பின் இருக்கு, செவுத்துல மூணாவது கம்பியே இல்ல." மூன்று துளைக்குப் பின்னால் இரண்டு வயர்தான் வந்திருந்தது. அன்றிலிருந்து புது இடத்தில் கால் வைத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி எர்த் இருக்கிறதா என்பதுதான். எலக்ட்ரீஷியன் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 230 வோல்ட் பக்கம் வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார். மெயின் சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

பொட்டு பொட்டென்று வெட்டு, அல்லது குரல் கீச்சென்று

வெட்டு விழுந்தால், மென்பொருளில் பஃபரை (கணினி முன்கூட்டியே எடுத்து வைக்கும் ஒலியின் அளவு) ஏற்றுங்கள். பதிவு செய்யும்போதுதான் சின்ன பஃபர் தேவை. ஓடிக்கொண்டே இருக்கும் கண்காட்சிக்கு 1024 வைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. யூஎஸ்பி ஹப்பைக் கழற்றி நேராகக் கணினியில் சொருகுங்கள். பவர் சேமிக்கும் அமைப்புகளை எல்லாம் அணையுங்கள். ராஸ்பெரி பை என்றால் திரையில் மின்னல் குறி வருகிறதா பாருங்கள். வந்தால் அடாப்டருக்குத் தெம்பில்லை.

குரல் ஏறிவிட்டால் சாம்பிள் ரேட் (ஒரு வினாடி ஒலியை எத்தனை துண்டாகப் பதிவு செய்கிறது என்ற எண்). 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 48இல் ஓட்டினால், ஒரு கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் கட்டையில் பாடுவார். கடல் இரைச்சலில் தெரியாது, தம்பூராவில் உடனே தெரிந்துவிடும். கோப்பு, மென்பொருள், இன்டர்ஃபேஸ் மூன்றையும் ஒரே எண்ணில் வையுங்கள்.

லூப் திரும்பும் இடத்தில் ஒரு விக்கல்

எம்பி3 கோப்பின் தலையிலும் வாலிலும் சின்ன மௌனம் ஒட்டிக்கொள்ளும். வேவுக்கு மாறுங்கள். வேவிலும் 'டக்' என்றால் வாலையும் தலையையும் சில மில்லிசெகண்டுகள் கிராஸ்ஃபேட் செய்யுங்கள் (ஒன்று மெல்லத் தேய, மற்றது மெல்ல ஏறும்படி). நீளமான கோப்பு பாதியில் நின்றால் வேறு விஷயம்: சாதாரண வேவ் 4 ஜிபியைத் தாண்டாது. எட்டுச் சேனல், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் 62 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். கோப்பை இரண்டாக வெட்டுங்கள், அல்லது ஆர்எஃப்64 வடிவில் வாங்குங்கள்.

காலையில் சரி, மதியத்துக்குள் ஒன்றோடொன்று பிசகிவிட்டது

நான்கு ஸ்பீக்கருக்கு நான்கு தனித்தனி பென்டிரைவ் பிளேயர் வைத்திருப்பீர்கள். ஒன்றாகவே பிளே அமுக்கினாலும் ஒவ்வொன்றின் உள்கடிகாரமும் துளி வேறுபடும். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் என்றாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்ட் தள்ளிப் போகும். கைதட்டல் எதிரொலியாகிவிடும். இதற்கு ரிப்பேர் கிடையாது. ஒரே பிளேயர், ஒரே பல சேனல் இன்டர்ஃபேஸ். மழை, காற்று மாதிரி பிசகினாலும் பாதகமில்லாத ஒலி என்றால் அப்படியே விடலாம். சில கலைஞர்கள் அதை வேண்டுமென்றே கேட்பார்கள். புளூடூத் ஸ்பீக்கர்களைப் பற்றிப் பேச வேண்டாம்.

எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் 'சுற்றி' வரவில்லை

இங்கேதான் காசு வீணாகிறது. அறையின் நடுவில் நின்று கேட்டால் அற்புதம், இரண்டடி நகர்ந்தால் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் கேட்கிறது என்பார்கள். உடனே ஸ்பீக்கர் தரமில்லை என்று முடிவு கட்டுவார்கள்.

முதலில் ஸ்பீக்கர் வயரின் பிளஸ் மைனஸ். ஒன்று தலைகீழாக இருந்தால் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் ஒலி குழி விழுந்த மாதிரி, தலைக்குள்ளே எங்கேயோ ஒலிக்கும், பாஸும் மெலிந்துவிடும். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, பேட்டரியின் பிளஸை வயரின் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் பெரிய கோன் (அதிரும் கூம்பு) வெளியே தள்ளினால் சரி, உள்ளே போனால் எங்கேயோ மாறியிருக்கிறது. ட்வீட்டருக்கு (மேல்ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) இந்தச் சோதனை வேண்டாம்.

அடுத்தது அளவு. பிங்க் நாய்ஸை (அருவி மாதிரி இரையும் சோதனை ஒலி) ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாக ஓட்டி, அறை நடுவில் நின்று போனில் ஒரு டெசிபல் ஆப்பால் பாருங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது; ஆனால் ஒன்றுக்கொன்று ஒப்பிட அது போதும். எல்லா ஸ்பீக்கரும் ஒரு டெசிபல் வித்தியாசத்துக்குள் வரட்டும்.

இரண்டும் சரியான பிறகும் குறை இருந்தால் கோளாறு அமைப்பில் இல்லை, எதிர்பார்ப்பில் இருக்கிறது. 5.1 என்பது சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்காக வரைந்த கணக்கு. முன் இரண்டும் 30 டிகிரி, பின் இரண்டும் 110 டிகிரி வாக்கில் என்பதெல்லாம் அந்த ஒரு நாற்காலியிலிருந்து அளந்தது. கண்காட்சிக்கு வருபவர் நடப்பார், நிற்பார், சுவரோரம் போய்ப் பெயர்ப் பலகை படிப்பார். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் ஒரு படகு மிதப்பது போல் மிக்ஸ் செய்திருந்தால், அவர் ஒரு பக்கம் ஒரு மீட்டர் நெருங்கியதும் அந்த ஒலி சுமார் மூன்று மில்லிசெகண்ட் முந்தி வரும். உடனே காது படகை அந்த ஸ்பீக்கருக்குள் இழுத்துக்கொள்ளும். ரிசீவரோடு வரும் மைக் வைத்துத் தானாக அளந்து கொடுக்கும் டிலே (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் வைக்கும் தாமதம்), மைக் வைத்த இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும். நடமாடும் அறையில் அதை அணைத்துவிடுவேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை பதிவு செய்த ஏலக் குரல்களை வைத்து ஒருவர் படைப்பு செய்திருந்தார். குரல்கள் அறையைச் சுற்றி வழுக்கிக்கொண்டே போகும்படி அழகாக மிக்ஸ் பண்ணியிருந்தார். ஹெட்ஃபோனில் புல்லரித்தது, கூடத்தில் கஞ்சியாக இருந்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டுச் சொன்னேன்: "அக்கா, குரல நகத்தாதீங்க. ஒரு ஆளுக்கு ஒரு ஸ்பீக்கர் குடுத்துடுங்க." ஒவ்வொரு ஏலக்காரரையும் ஒரு ஸ்பீக்கரில் நிறுத்தினோம், அலையும் காக்காயும் மட்டும் எல்லாவற்றிலும் மெல்லப் பரவின. மக்கள் ஒவ்வொரு குரலாகத் தேடிப் போய் நின்று கேட்டார்கள். நகர வேண்டியது குரல் இல்லை, ஆள்தான்.

ஸ்பீக்கர் காது உயரத்தில் இருந்தால் தலைக்கு மேல் ஏற்றி நடுவை நோக்கிச் சாயுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் தூரத்தில் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் குறையும். 14 மீட்டர் நீளக் கூடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒலி போய்ச் சேர 40 மில்லிசெகண்ட் ஆகும். ஆகவே உடுக்கை, கைதட்டல் மாதிரி கூர்மையான ஒலியை இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், இரண்டாகக் கேட்கும்.

கைதட்டிப் பாருங்கள். கணீரென்று திரும்பி வந்தால் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் காரணம். தரையில் ஜமக்காளம், ஒரு சுவரில் மடிப்பு விட்டுத் தொங்கும் கனமான திரை, இவ்வளவே பெரிய மாற்றம் தரும். ஆனால் துணி மேல்ஸ்தாயியைத்தான் விழுங்கும். மூலையில் குமுறும் பாஸை அது தொடாது. அதற்கு சப்பை மூலையிலிருந்து நகர்த்துங்கள். அப்புறமும் பேச்சு புரியவில்லை என்றால், கட்டடத்தில் கை வைப்பதற்கு முன் அக்கூஸ்டிக்ஸ் தெரிந்தவரை ஒரு தடவை அறைக்கு அழைத்து வாருங்கள். அவருக்குக் கொடுக்கும் தொகை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கி ஒட்டும் நுரைப் பலகைகளைப் போல வீணாகாது.

சாயங்காலமானால் தானாக நின்றுவிடுகிறது

ஆம்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அது தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. அழகுக்காகப் பெட்டிக்குள் மூடி வைத்திருப்பார்கள். மே மாதத்தில், ஏசி அணைந்த கூடத்தில், அது அடுப்புதான். பின்பக்கத்தைத் திறந்துவிட்டு ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். மூடியே இல்லாமலும் சுடுகிறது என்றால், ஒரே சேனலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கோத்திருக்கிறீர்களா பாருங்கள். 4 ஓம் ஆகிவிடும். எல்லா ஆம்பும் தாங்காது.

சூடு இல்லை, கரண்ட் போய்வந்த பிறகு மட்டும் ஊமை என்றால் கணினி எழுந்து லாகின் திரையில் நிற்கிறது. தானாக லாகின் ஆகி தானாக ஓடும்படி அமையுங்கள். கணினிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் மட்டும் யூபிஎஸ் போதும். ராஸ்பெரி பை என்றால் மெமரி கார்டை எழுத முடியாத முறையில் பூட்டி வையுங்கள். திடீர் கரண்ட் கட்டில் கார்டு கெட்டு நட்டநடுக் கண்காட்சியில் நின்றிருக்கிறேன். இன்னொரு கார்டில் அப்படியே நகல் எடுத்து, கவரில் போட்டு, பெட்டி மேலேயே ஒட்டிவிடுங்கள்.

எம்சிபி (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து விழுந்து எழுந்தாலோ, விளக்குகள் மங்கி மங்கி எரிந்தாலோ அது ஒலிக்காரர் வேலை இல்லை. எலக்ட்ரீஷியன் வரும்வரை எல்லாவற்றையும் அணையுங்கள், ஆம்பை முதலில். மறுபடி போடும்போது ஆம்ப் கடைசி.